எருப்பாத்திக்குத் திறப்பு விழா

செங்கல்வராயனைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். கெட்டது செய்வதற்கும் கொஞ்சம் யோசனை வேண்டும். அந்தத் தொல்லையை ஆண்டவன் அவருக்கு வைக்கவில்லை.

அயனம்பாக்கம் ஏரியை ஒட்டி எழும்பியிருக்கிற நாலு மாடிக் குடியிருப்பு ஒன்றுக்கு அவர்தான் சங்கத் தலைவர். அந்தக் குடியிருப்பின் வாசலில், பிள்ளையார் சன்னதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் பூக்கட்டி விற்கிறேன். பிள்ளையாருக்குத் தினமும் மாலை என் கையால்தான். உள்ளே போகிறவர், வெளியே வருகிறவர் எல்லோரும் என்னைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். அதனால் அவரைப் பற்றி எழுதுவதற்கு நான் யாரையும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த இடம் அவர்கள் வீட்டு நிலம். அப்பா அதில் வெண்டையும் கீரையும் போட்டவர். அப்பா போனதும் அண்ணன், தம்பி பாகம் பிரித்தார்கள். அண்ணன் செங்கல்வராயன் தன் பாகத்தை பில்டருக்குக் கொடுத்து, மூன்றாவது மாடியில் இரண்டு வீடு வாங்கிக்கொண்டார். தம்பி கன்னியப்பன் பாகத்தில் இன்றைக்கும் மாட்டுக்கொட்டகைதான், குடியிருப்பின் பின்பக்க மதிலுக்கு அடுத்தாற்போல.

மூன்றாவது மாடிக்குப் போன நாளிலிருந்து செங்கல்வராயனுக்கு மண் ஆகாது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சென்ட் போட்ட கைக்குட்டை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் அதைத் துடைப்பார். துடைத்த கைக்குட்டையை மோந்து பார்ப்பார். பிள்ளையாருக்கு விழுந்து கும்பிட மாட்டார், வேட்டி அழுக்காகும். நின்றபடியே ஒரு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விடுவார். இன்னொரு கையில் போன் இருக்கும்.

கொட்டகையிலிருந்து நாற்றம் வருகிறது என்று கூடப்பிறந்த தம்பி மேலேயே மனுக் கொடுத்தவர் அவர். அதிகாரிகள் வந்தார்கள், கன்னியப்பன் கொடுத்த மோரைக் குடித்தார்கள், கொட்டகை சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து அண்ணன், தம்பி பேச்சுவார்த்தை இல்லை.

உண்மையில் நாற்றம் வந்தது கொட்டகையிலிருந்து இல்லை. குடியிருப்பின் பின்பக்கம் தரைக்கு அடியில் கழிவுநீரைச் சுத்தம் செய்கிற தொட்டி ஒன்று இருக்கிறது. எஸ்டிபி என்பார்கள். எல்லா வீட்டுக் கக்கூஸ் தண்ணீரும் அங்கேதான் போய்ச் சேருகிறது. வெயில் ஏற ஏற அழுகிய முட்டை மாதிரி ஒரு நாற்றம் அதிலிருந்து கிளம்பும். வெள்ளிக் கொலுசு கறுத்துப் போகிற நாற்றம். அதற்கு மிகக் கிட்டத்தில் இருந்தது தரைத்தளத்தில் மங்களம் அக்கா வீட்டுச் சமையலறை.

மங்களம் அக்காவுக்கு வீட்டுக்காரர் இல்லை. அவர் விட்டுப் போனது அந்த வீடும் ஒரு பெரிய கிரைண்டரும்தான். அக்கா இட்லி மாவு அரைத்து விற்கிறார். அடுப்பு எரிவதும், ஆவடியில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிற மகள் ரோஷினி படிப்பதும் அந்தக் கிரைண்டரை நம்பித்தான். சாயங்காலமானால் பின்வாசல் கதவைத் திறந்து வைப்பார். மாடியிலிருந்து ஆளாளுக்கு டப்பாவோடு இறங்கி வருவார்கள்.

நாற்றம் அதிகமானதும் ஒருவர் சொன்னார், மங்களம் வீட்டு மாவுதான் புளித்துப்போய் நாறுகிறது என்று. முதலில் சொன்னது யாரென்று தெரியாது. எல்லோரும் அடுத்தவர் சொன்னதாகச் சொன்னார்கள். பெரிய பெரிய கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்கள். புளிப்புக்கும் மலத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. டப்பாக்கள் குறைந்தன.

அப்போது சங்கத்துச் செயலாளராக இருந்த விக்ரம்தான் கொஞ்சம் விசாரித்துப் பார்த்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பிள்ளை, கணினி வேலை, சத்தமில்லாத சுபாவம். பூந்தமல்லியிலிருந்து முகமது ஆசிக் என்று ஒரு இன்ஜினியரை அழைத்து வந்தார். அவர் தொட்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, ஏரிப் பக்கத்து மூலையில் பெரிய செங்கல் பாத்தி ஒன்று கட்டச் சொன்னார். அடியில் ஓட்டை போட்ட குழாய்கள், அதன் மேல் ஜல்லி, அதற்கும் மேல் இடுப்பு உயரத்துக்கு மக்கிய எருவும் மரச்சில்லும் தேங்காய் மட்டையும் கலந்து நிரப்பினார்கள்.

செங்கல்வராயன் வந்து எட்டிப் பார்த்தார்.

“இன்னா தம்பி இது, எருக்குழி மாதிரி கீது?”

“எருதான் சார். தொட்டியில கெளம்பற காத்த மோட்டார் இழுத்து இதுக்கு அடியில ஊதும். அது மேல வர்றதுக்குள்ள இதுல கீற கிருமிங்க அந்த நாத்தத்த தின்னுடும். மேல வர்றது வெறும் காத்து.”

“கிருமியா?”

“ஆமா சார். கோடிக்கணக்குல கீது.”

செங்கல்வராயன் பின்னால் நகர்ந்தார். கைக்குட்டை மூக்குக்குப் போயிற்று. “கிருமிய நாமளே கொண்ணாந்து ஊட்டாண்ட வெச்சிக்கிறோமா?”

“நல்ல கிருமி சார். தயிர்ல கீதே, அது மாதிரி. மங்களம்மா ஊட்ல மாவு பொங்குதே, அது எதால? தண்ணி மட்டும் தெளிச்சிகினே இருங்க, ஈரம் காயக் கூடாது. பினாயிலு, ஆசிட்டு, பிளீச்சிங் பவுடரு எதுவும் இதுகிட்டயே வரக் கூடாது சார். அதுங்க செத்துடும்.”

சொல்லிக்கொண்டே ஆசிக் திரும்பிப் பார்த்தபோது கேட்க வேண்டியவர் அங்கே இல்லை. மோட்டார் பக்கம் போய் நின்று தலையை வாரிக்கொண்டிருந்தார்.

“விக்ரம் சார், மோட்டார் தெரியற மாதிரி ஒண்ணு எடு. பின்னால ஏரி வரட்டும்.”

உடனே ஒன்றும் நடக்கவில்லை. கிருமிகள் ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் மாதிரி, பழகக் கொஞ்ச நாள் ஆகும் என்று ஆசிக் சொல்லியிருந்தார். தோட்டத்தில் தண்ணீர் விடுகிற கோவிந்தன் காலையும் மாலையும் பாத்தியின் மேல் பூவாளியால் தெளித்தான். நாற்றம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஒருநாள் பார்த்தால் இல்லவே இல்லை. பாத்திக்குப் பக்கத்தில் போய் நின்றால் மழை பெய்த மறுநாள் தோப்புக்குள் நிற்கிற மாதிரி இருந்தது. மல்லிகைக்கு அதன் வாசனை திரும்பிக் கிடைத்தது. பிள்ளையாருக்கு நன்றி சொல்லி அன்றைக்கு ஒரு முழம் கூடவே கட்டினேன்.

மங்களம் அக்கா வீட்டுப் பின்வாசலில் மறுபடியும் டப்பாக்கள் வரிசையாக வந்தன. அக்கா அவர்களைத் திட்டவும் இல்லை, என்ன இத்தனை நாளாக ஆளைக் காணோம் என்று கேட்கவும் இல்லை. அளந்து ஊற்றினார். அப்படி ஒரு மனுஷி.

இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் பாத்தி நன்றாக வேலை செய்ய ஆரம்பித்து ஒரு மாதம் ஆன பிறகு, அதற்குத் திறப்பு விழா நடத்த வேண்டும் என்று செங்கல்வராயனுக்குத் தோன்றியது.

“அதான் ஓடிட்டு இருக்கே சார்,” என்றார் விக்ரம்.

“ஓடினா போதுமா? நாலு பேருக்குத் தெரிய வேணாவா? கவுன்சிலர கூப்பிடறோம், ரிப்பன் வெட்றோம். சங்கத்து தேர்தல் வருது பாரு.”

ஒரு பெரிய மனிதர் வருகிறார் என்றால் நம் பக்கத்தில் என்ன செய்வார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் பிளீச்சிங் பவுடரை வெள்ளைக் கோடாகப் போடுவார்கள். குப்பை அள்ளியிருக்காது, சாக்கடை மூடியிருக்காது, கோடு மட்டும் நேராக இருக்கும். செங்கல்வராயனுக்கு அந்தக் கோடுதான் மரியாதை. தனக்கு ஒருநாள் யாராவது அப்படிப் போட மாட்டார்களா என்று ஏங்கியிருப்பார். யாரும் போடவில்லை. ஆகவே தானே போட்டுக்கொண்டார்.

வாசலிலிருந்து பாத்தி வரைக்கும் கோடு போட்டார்கள். மூட்டையில் பாதிக்கு மேல் மீந்தது. செங்கல்வராயன் பாத்தியைப் பார்த்தார். கறுப்பாக, ஈரமாக, ஒரு மண்புழு நெளிந்துகொண்டிருந்தது. அவர் முகம் அசல் எருக்குழியைப் பார்த்த முகமாக மாறிற்று. அப்பா போட்ட எருக்குழியின் நினைப்பாகக்கூட இருக்கலாம்.

“டேய் கோவிந்தா, இது மேலயும் போட்றா. கருப்பா அசிங்கமா கீது. கிருமி வேற கீதாம்.”

கோவிந்தன் தயங்கினான். “அந்த பாய் வேணாம்னாரே தலைவரே.”

“பாய் கவுன்சிலருக்கு பதில் சொல்வாரா? போடு. இரு இரு, மொதல் புடி நான் போடறேன். விக்ரம் சார், எடு.”

விக்ரம் ஒரு நிமிடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அப்புறம் போனைத் திறந்தார். படித்த பிள்ளைகளுக்கு இது ஒரு பழக்கம். செங்கல்வராயன் வெள்ளை வேட்டியில் குனிந்து, பிரசாதம் போடுகிற மாதிரி இரண்டு விரலால் பவுடரைத் தூவுவது படமாயிற்று. மீதி மூட்டையைக் கோவிந்தன் கொட்டிப் பரப்பினான். பவுடர் பறந்து விருந்தாளி சட்டையில் படக்கூடாது என்று மேலே ஹோஸ் பைப்பால் தண்ணீரும் அடிக்கச் சொன்னார் தலைவர். பவுடர் மேலேயே கிடந்திருந்தாலாவது கிருமிகளில் பாதி உயிர் பிழைத்திருக்கும். கரைந்து அடி வரைக்கும் இறங்கிற்று.

விழா நன்றாகத்தான் நடந்தது. கவுன்சிலர் ரிப்பன் வெட்டினார். பிளீச்சிங் நெடியில் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. “எவ்ளோ சுத்தமா வெச்சிகினு கீறீங்க,” என்றார். செங்கல்வராயன் உள்ளங்கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். பவுடர் தூவுகிற அந்தப் படத்தைப் பெரிய ஃப்ளெக்ஸாக அடித்து, பாத்திக்கு நேர் மேலே இரண்டு கம்பத்தில் கட்டினார்கள். கீழே எழுத்து: ‘தூய்மையின் காவலர்.’

இரண்டு மூன்று நாளில் பிளீச்சிங் வாசனை போயிற்று. அழுகிய முட்டை திரும்பி வந்தது. முன்னை விட மோசம். பிள்ளையாருக்குச் சாத்துகிற மாலையைக்கூட மூக்கை மூடிக்கொண்டு கட்டினேன். அதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

குடியிருப்புக்காரர்கள் என்ன செய்தார்கள்? ஜன்னலைச் சாத்திவிட்டு வாட்ஸ்ஆப் குரூப்பில் மூக்கைப் பொத்துகிற பொம்மை போட்டார்கள். ஒருவர் போட, இன்னொருவர் இரண்டு போட, ராத்திரி முழுக்க பொம்மையாகப் பறந்ததாம். ஒருவரும் கீழே இறங்கி வந்து பாத்தியைப் பார்க்கவில்லை.

செங்கல்வராயனுக்குக் காரணம் தெரிந்திருந்தது. கோடிக்கணக்கில் கிருமி கிடந்த இடத்தை அவர் சுத்தம் செய்தாகிவிட்டது, கவுன்சிலர் பாராட்டியாகிவிட்டது. ஆகவே நாற்றம் பாத்தியிலிருந்து வர வாய்ப்பே இல்லை. பின்னே எங்கிருந்து? கிட்டத்தில் இருக்கிற வீடு மங்களம் வீடு. மாவு வீடு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி நிறுத்துகிற இடத்தில் கூட்டம் போட்டார்கள். கூட்டத்தில் பேசும்போது மட்டும் செங்கல்வராயனுக்கு வேறு நாக்கு வந்துவிடும்.

“அன்பார்ந்த குடியிருப்போரே, நமது வளாகத்தின் தரைத்தளத்தில் வர்த்தக நோக்கில் மாவு அரைக்கப்பட்டு வருவதை அனைவரும் அறிவீர்கள்...”

மங்களம் அக்கா எழுந்தார். “தலைவரே, நேரா என் பேரச் சொல்லுங்க.”

“தோ பாரும்மா,” என்று நாக்கு பழைய இடத்துக்கு இறங்கிற்று. “உம்மேல எனக்கு கோவம் இல்ல. பாவம், பொம்பள. ஆனா ஊடுன்றது ஊடு. கடைன்றது கடை. மாவு தண்ணி எல்லாம் டிரெயினேஜ்ல ஊத்தினா நாறாம இன்னா பண்ணும்?”

“போன மாசம் பூரா அரைச்சேனே. அப்ப ஏன் நாறல?”

இது நல்ல கேள்வி. யாராவது ஒருவர் இதைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். இரண்டாவது மாடியில் அகல்யா என்று ஒரு பெண், வாரம் மூன்று தடவை மாவு வாங்குகிறவள், தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவர் போனில் கிரிக்கெட் பார்த்தார். விக்ரம் பேனாவை மூடித் திறந்தார்.

“அதெல்லாம் உள்ளாற சேந்து சேந்து இப்ப வெளிய வருது,” என்றார் செங்கல்வராயன். “மொதல்ல நிறுத்து. அடுத்த ஞாயித்துக்கெழம பாத்து நிரந்தரமா தீர்மானம் போட்டுக்கலாம்.”

கை தூக்கச் சொன்னார். தூக்கினார்கள். முழுசாகத் தூக்கினாலாவது ஒரு தைரியம். எல்லோரும் முழங்கை மட்டத்துக்குத் தூக்கினார்கள், யார் கேட்டாலும் தலை சொறிந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்கிற மாதிரி.

மங்களம் அக்கா அன்று சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சன்னதியைப் பார்த்தபடி இருந்தார்.

“ரோஷினிகிட்ட இன்னும் சொல்லல. கிரைண்டர் ரிப்பேர்னு சொல்லி வெச்சிருக்கேன். அடுத்த ஞாயிறு நிரந்தரமா நிறுத்துன்னுட்டாங்கன்னா, இந்த வீட்ட வாடகைக்கு விட்டுட்டு எங்கயாவது வானகரம் பக்கம் ஒரு ரூம் பாக்கணும். அங்கயும் மாவு அரைக்க விடுவாங்களா?”

“அவர் பாத்துப்பார் அக்கா,” என்று பிள்ளையாரைக் காட்டினேன்.

“அவரு பாத்துகிட்டுதான் இருக்காரு. வாசல்ல உக்காந்து எல்லாத்தையும் பாக்கறாரு. வாயத் திறக்கறவரு ஒருத்தர் வேணுமே.”

அந்த வாரம் கிரைண்டர் ஓடவில்லை. பின்வாசல் திறக்கவில்லை. நாற்றம் மட்டும் ஒருநாளும் லீவு போடவில்லை. புதன்கிழமைக்கு மேல் குரூப்பில் பொம்மைகள் அதிகமாயின. மாவு அரைக்காமலே ஏன் நாறுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. கடையில் பாக்கெட் மாவு வாங்கிக்கொண்டார்கள். இட்லி கல்லாக வருகிறது என்று அதற்கும் ஒரு பொம்மை போட்டார்களாம்.

கடைசியில் விக்ரமுக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. இல்லை, அவர் வீட்டு இட்லி கல்லாக வந்திருக்கும். எப்படியோ, தலைவரிடம் சொல்லாமல் ஆசிக்குக்குப் போன் செய்துவிட்டார். கூட்டம் நடக்கிற அதே ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆசிக் வந்து இறங்கினார். செங்கல்வராயன் அப்போதுதான் நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“இன்னா பாய், வராதவரு வந்துகீறாரு? உங்க ஃபில்டரு நல்லாதான் ஓடுது. மோட்டார் சத்தம் கேக்குது பாரு.”

“மோட்டார் ஓடுது சார். ஃபில்டர் ஓடுதான்னு பாக்கறேன்.”

நேராகப் பாத்திக்குப் போனார். எல்லோரும் பின்னால் போனார்கள், மூக்கை மூடிக்கொண்டு. ஆசிக் கையை விட்டு ஒரு பிடி எரு அள்ளினார். கறுப்பாக இருக்க வேண்டியது சாம்பல் பூத்துக் கிடந்தது. மண்புழு ஒன்று நூலாகக் காய்ந்திருந்தது. மோந்து பார்த்தார். இன்னொரு பிடி ஆழத்திலிருந்து அள்ளி, அதையும் மோந்தார்.

“இதுல யாரு இன்னா போட்டீங்க?”

எல்லோரும் பார்த்தவர்கள்தான். திறப்பு விழா கேசரி தின்றவர்கள்தான்.

பதில் வராததால் ஆசிக் நிமிர்ந்தார். நிமிர்ந்தவர் கண்ணுக்கு நேரே அந்த ஃப்ளெக்ஸ் இருந்தது. இரண்டு கம்பத்துக்கு நடுவில், ஆளைவிடப் பெரிதாக, செங்கல்வராயன் பாத்தியின் மேல் பிளீச்சிங் பவுடர் தூவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மூட்டை, அதன் மேலே எழுத்துகூடத் தெளிவாகத் தெரிந்தது. இத்தனை நாளாக எல்லோரும் அதன் கீழேதான் நடந்து போய்க்கொண்டிருந்தோம்.

ஆசிக் படத்தைப் பார்த்தார். அப்புறம் ஆளைப் பார்த்தார்.

“இது நீங்கதானே சார்?”

“ஆமா. அது வந்து... கிருமிய சாவடிக்கத்தானே போட்டேன்.”

“அந்தக் கிருமிதான் சார் வேல செய்ற ஆளுங்க. மோட்டார் இல்ல, பாத்தி இல்ல. அதுங்கதான். அத்தினி பேரையும் கொன்னுட்டு, நாத்தத்துக்கு இந்தம்மாவ கேள்வி கேட்டுகினு கீறீங்களாமே.”

“அத மொதல்லயே சொல்லணும் இல்ல நைனா?”

“சொன்னேன் சார். நீங்க மோட்டாராண்ட தல வாரிகினு இருந்தீங்க.”

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். சிரிக்க மட்டும் தைரியம் வந்துவிட்டது. மங்களம் அக்கா சிரிக்கவில்லை.

“தம்பி, இத மறுபடியும் உயிர் வர வைக்க முடியுமா?” என்று கேட்டார்.

“முடியும்மா. மேல கீறத அள்ளிக் கொட்டிட்டு, மீதிய நல்லா தண்ணி விட்டு அலசணும். அப்பறம் நல்லா மக்கின மாட்டு எரு கலந்தா புதுசா கிருமி புடிச்சிக்கும். வெளிய சொல்லி வர நாளாவும். பக்கத்துல எங்கயாவது கெடைச்சா நாளைக்கே பண்ணிடலாம்.”

எல்லோர் தலையும் ஒரே நேரத்தில் மதில் பக்கம் திரும்பிற்று. அந்தப் பக்கத்திலிருந்து கன்னியப்பன் மாடு ஒன்று கத்தியது. அப்புறம் தலைகள் செங்கல்வராயன் பக்கம் திரும்பின. அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“விக்ரம் சார், நீ போய் நம்ம சங்கம் சார்பா கேளு.”

விக்ரம் போனார், சீக்கிரமே திரும்பி வந்தார்.

“இன்னா சொன்னான்?”

விக்ரம் தயங்கிவிட்டு அப்படியே சொன்னார். “‘நாத்தம்னு கையெழுத்து போட்டவர வரச் சொல்லு. அவரே மோந்து பாத்து, நல்லா நாறுற எருவா எடுத்துகினு போவட்டும்’னாரு சார்.”

செங்கல்வராயனுக்கு உடனே முழங்கால் வலி வந்துவிட்டது. மதிலைச் சுற்றி அவ்வளவு தூரம் நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். முழங்கால் வலிக்காரர் கையைத் தொடையில் வைத்து நின்றுகொண்டிருக்க, மங்களம் அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு புறப்பட்டார். நானும் பூக்கூடையை மூடிவிட்டுக் கூடப் போனேன்.

கன்னியப்பன் மாட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிராமலே, “அவரு வரலியா?” என்றார்.

“முழங்கால் வலிக்குதாம்,” என்றார் அக்கா.

“வலிக்கும் வலிக்கும். மனு குடுக்க ஆபீஸ் படி ஏறும்போது வலிக்கல.” பைப்பை நிறுத்தினார். “உனக்கு இன்னாம்மா இதுல?”

“நாத்தம் நின்னாதான் நான் மாவு அரைக்கலாம். இல்லன்னா இன்னிக்குக் கூட்டத்துல நிறுத்திடுவாங்க.”

கன்னியப்பன் கொஞ்ச நேரம் மாட்டின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார். “உன் மாவுல என் பொண்டாட்டி தெனம் தோச சுட்றா. உனக்காவ தரேன் தாயி. சங்கத்துக்கு இல்ல. அத அங்க சொல்லு.”

சாயங்காலமே குட்டியானை வண்டியில் எருவை ஏற்றி அவரே ஓட்டி வந்தார். செங்கல்வராயன் வாசலில் நின்றார். முழங்கால் சரியாகியிருந்தது.

“மெதுவா, மெதுவா. டைல்ஸ் அழுக்காவுது பாரு.”

கன்னியப்பன் வண்டியிலிருந்து இறங்கி ஒரு கை எருவை அள்ளி அண்ணன் முகத்துக்கு நேரே நீட்டினார். மாடிகளில் எல்லோரும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பாருண்ணே. அப்பா போட்ட எரு மாதிரியே கீது இல்ல? நீயும் நானும் மிதிப்போமே, அத்தே எரு. மோந்து பாரு, ஞாபகம் வரும்.”

செங்கல்வராயன் மோந்து பார்க்கவில்லை. லிப்டுக்குள் போய்விட்டார். அந்த மனிதருக்குக் கூடப்பிறந்தவன் கையும் ஒன்றுதான், எருவும் ஒன்றுதான்.

அன்றைக்கு நடக்க வேண்டிய கூட்டம் நடக்கவில்லை. ஆசிக்கும் கோவிந்தனும் கன்னியப்பனும் பாத்தியை அலசி எரு கலந்தார்கள். மங்களம் அக்கா எல்லோருக்கும் காபி போட்டார். தீர்மானம் தொங்கிக்கொண்டே இருந்தது. பாத்தி உயிர் பிடித்தால் மாவு, பிடிக்காவிட்டால் வானகரம். அக்கா தினமும் காலையில் பாத்தியருகே போய் ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்துவிட்டு வருவார். வந்து என்னிடம், “இன்னும் இல்ல,” என்பார். பிள்ளையாருக்கு நான் வேண்டுதல் வைத்தது அந்தக் கிருமிகளுக்காகத்தான். யார் கேட்டாலும் சிரிப்பார்கள். ஆனால் அதுகளும் அவர் படைத்தவைதானே.

ஒருநாள் அக்கா வரும்போதே நடையில் தெரிந்தது. கையை என் மூக்கருகே கொண்டுவந்தார். மண் வாசனை.

அடுத்த கூட்டத்தில் செங்கல்வராயன் எழுந்து, “அன்பார்ந்த குடியிருப்போரே, சங்கம் எடுத்த தீவிர நடவடிக்கைகளால் துர்நாற்றம் முற்றிலும் அகற்றப்பட்டது. எனவே மாவு குறித்த தீர்மானம் கைவிடப்படுகிறது,” என்று படித்தார். மங்களம் என்கிற பெயர் அதில் இல்லை. மன்னிப்பு என்கிற வார்த்தையும் இல்லை. எல்லோரும் கை தட்டினார்கள். இந்தத் தடவை கை நன்றாக மேலே எழுந்தது.

பழைய ஃப்ளெக்ஸைக் கழற்றிவிட்டுப் புதியது கட்டினார். அதில் எருக்கூடை தூக்கி நிற்கிறார். கூடை கடையிலிருந்து அன்றைக்கு வாங்கியது. உள்ளே நியூஸ் பேப்பர். அதன் மேல் தூவிய சாமந்தி என்னிடம் வாங்கியது. எதற்கு என்று கேட்டேன், சாமி காரியம் என்றார்.

பின்வாசல் திறந்த முதல் சாயங்காலம் டப்பாக்கள் வரிசை முன்னைவிட நீளம். அகல்யா இரண்டு டப்பா கொண்டுவந்தாள். மங்களம் அக்கா யாரையும் ஒன்றும் கேட்கவில்லை, அளந்து ஊற்றினார். வரிசை முடிகிற நேரத்தில் செங்கல்வராயன் இறங்கி வந்தார். வீட்டுக்காரம்மா ஊருக்குப் போயிருந்தாராம். கையில் பளபளக்கிற எவர்சில்வர் தூக்கு.

“இன்னாம்மா, மாவு கீதா? இந்த பாக்கெட் மாவு வாயில வைக்க முடியல.”

அக்கா தூக்கை வாங்கினார். மூடியைத் திறந்தார். மாவுக் கரண்டியை உள்ளே கொண்டுபோனவர் நிறுத்தி, தூக்கை முகத்தருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். மூடித் திருப்பி நீட்டினார்.

“கழுவி எடுத்துட்டு வாங்க தலைவரே. பிளீச்சிங் வாசன அடிக்குது. மாவு பொங்காது.”

அவர் சுற்றிலும் பார்த்தார். வரிசையில் இருந்தவர்கள் ஏரியைப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்த ஒரே குழாய் கோவிந்தன் பாத்திக்குத் தண்ணீர் பிடிக்கிற குழாய்தான். வெள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எருப்பாத்தி ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தன் ஃப்ளெக்ஸுக்குக் கீழே செங்கல்வராயன் தூக்கைத் தேய்த்துக் கழுவினார். அக்கா கரண்டியைப் பிடித்தபடி காத்திருந்தார்.